குதிகால் வலிக்கு எம்.சி.ஆர். செருப்பு: மூன்றாவது ஜோடி வாங்கப் போகிறவள் எழுதுகிறேன்

கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன். செருப்புக்கு ஐந்துக்கு நான்கு. அந்தச் செருப்பே போதும் என்று இரண்டு வருஷம் சரியான டாக்டரைப் பார்க்காமல் இருந்த எனக்கு ஐந்துக்கு ஒன்று, அதுவும் பாவம் பார்த்து.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். டேபிளுக்கு முன்னால் நின்றுகொண்டே பீஸைப் புரட்டி, பிசிறு நூலை வெட்டி, ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாவற்றையும் ஒதுக்குகிற வேலை. காலையில் எட்டரைக்கு நின்றால் ஒரு ஷிப்ட் முடிய ஐந்தரை ஆகும், கப்பல் தேதி நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட். தரை முழுக்க சிமெண்ட். 2022 ஆடியில் குதிகால் வலி ஆரம்பித்தபோது எனக்கு அது ஒன்றும் பெரிய அதிசயமாகத் தெரியவில்லை, ஏனென்றால் எங்கள் டேபிளில் பாதிப் பேருக்குக் குதிகால் வலி உண்டு. காலையில் கட்டிலை விட்டு இறங்கிப் பொடக்காலிக்குப் போகிற அந்தப் பத்தடிதான் நரகம். கண்ணாடிச் சில்லு மேல் நடக்கிற மாதிரி இருக்கும், சுவரைப் பிடித்துக்கொண்டு போவேன், அப்புறம் நடக்க நடக்கக் கொஞ்சம் இளகும், மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே கதை.

பக்கத்து டேபிள் அக்காதான் சொன்னார், "எம்.சி.ஆர். வாங்கிப் போடு கண்ணு, எனக்கு அதுலதான் சரியாச்சு." சரி என்று சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு போய் 450 ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கினேன்.

எம்.சி.ஆர். என்றால் மைக்ரோ செல்லுலார் ரப்பர். கண்ணுக்குத் தெரியாத காற்று அறைகள் நிறைந்த ரப்பர், அதனால் கால் வைத்தால் அமுங்கி, எடுத்தால் எழும்பும். உடம்புப் பாரம் குதிகாலில் ஒரே புள்ளியில் இறங்காமல் பாதம் முழுக்கப் பரவும். இந்தச் செருப்பு முதலில் குதிகால் வலிக்காரர்களுக்காக வந்ததே இல்லை, தொழுநோயில் கால் மரத்துப் போய், முள் குத்தினாலும் தெரியாமல் புண்ணாகிற ஜனங்களுக்காகப் பரவியது. வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் டாக்டர் பால் பிராண்டும் கூட இருந்தவர்களும் இதற்காக நிறையப் பாடுபட்டார்கள். பிறகு சர்க்கரை நோயில் கால் மரத்தவர்களுக்கு வந்தது. வலியே தெரியாதவர்களுக்காகச் செய்த செருப்பை, வலி தாங்காத நாங்கள் போட்டுக்கொண்டு அலைகிறோம்.

முதல் ஜோடியில் ஒரு வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது, பொய் சொல்லக் கூடாது. சாயங்காலம் வரை நிற்க முடிந்தது. ஆனால் காலை வலி கொஞ்சம்கூடக் குறையவில்லை. எப்படிக் குறையும்? எங்கள் வீட்டில் செருப்பு தலைவாசலோடு சரி. வீட்டுக்குள் செருப்புப் போடுவதா என்று அத்தை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அந்தப் பேச்சையே விட்டுவிட்டேன். ஆக, கால் அதிகமாக வலிக்கிற அந்தப் பத்தடிக்கு மட்டும் செருப்பு கிடையாது.

இன்னொரு குறை. முதல் ஜோடியில் கட்டைவிரலுக்கு ஒரு வளையம் இருந்தது. அது உரசி உரசி, விரல் பக்கத்தில் சிவந்து, அந்த இடத்திலேயே வெள்ளைச் செதிலாக ஒரு படை கிளம்பியது. செருப்புத் தோல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து தேங்காய் எண்ணெய் தடவினேன். முழங்கையிலும் தலையிலும் அதே மாதிரி படை எனக்கு ஆறேழு வருஷமாகவே உண்டு. தலையில் இருந்ததைப் பொடுகு என்றும், முழங்கையில் இருந்ததை டேபிளில் ஊன்றி ஊன்றித் தடித்தது என்றும் நானே பெயர் வைத்திருந்தேன். நகத்தில் ஊசியால் குத்திய மாதிரி சின்னச் சின்னக் குழிகள் வேறு. அதற்கு என்ன பெயர் வைத்தேன் என்பது ஞாபகம் இல்லை.

இதற்கு நடுவில் டாக்டரே பார்க்கவில்லை என்றில்லை. ஒரு இடத்தில் எக்ஸ்ரே எடுத்து குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறது, ஊசி போடலாம் என்றார்கள். இன்னொரு இடத்தில் யூரிக் ஆசிட் கொஞ்சம் கூட இருக்கிறது என்று பருப்பையும் கறியையும் நிறுத்தச் சொன்னார்கள், நான்கு மாதம் ரசமும் மோருமாக ஓட்டினேன், வலி ஓடவில்லை. முடக்குவாதம் இருக்கிறதா என்று பார்க்கிற ஆர்.ஏ. ஃபேக்டர் ரத்த டெஸ்டில் நெகட்டிவ் வந்தது. "உனக்கு வாதம் எல்லாம் இல்லை, வெயிட்டைக் குறை" என்று அனுப்பினார்கள். வெயிட் விஷயம் உண்மைதான், அதில் எனக்குக் கோபம் இல்லை.

அப்புறம் ஒறம்பரையில் ஒருத்தர் ஒரு பொடி வாங்கித் தந்தார். பெயர் போடாத காகிதப் பொட்டலம், காலையும் இரவும் தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும். பத்தே நாளில் வலி பறந்தது, முழங்கைப் படைகூட மங்கியது, ஊர் முழுக்கச் சொன்னேன். இரண்டு மாதத்தில் முகம் பன் மாதிரி உப்பியது. பயந்து நிறுத்தினேன். நிறுத்திய மூன்றாவது வாரம் உடம்பெல்லாம் படை கிளம்பியது, இடுப்பு, முதுகு, காதுக்குப் பின்னால், தொப்புளுக்குள்கூட. பிறகு பார்த்த டாக்டர் சொன்னார், அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம், சொரியாசிஸ் என்கிற செதில் படைத் தோல் நோய் உள்ளவர்கள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தினால் தோல் இப்படி வெடித்துக் கிளம்புவது தெரிந்த விஷயம்தான் என்று. அந்தப் பொடிக்கு நான் ஸ்டாரே தரப் போவதில்லை.

2024 கோடையில் வலது காலின் இரண்டாவது விரல் முழுக்க வீங்கியது. மூட்டு மட்டும் வீங்கினால் முடிச்சு மாதிரி இருக்கும் இல்லையா, இது அப்படி இல்லை, அடியிலிருந்து நுனி வரை ஒரே பருமனாக, குட்டிப் பூவன் பழம் மாதிரி. செருப்புக்குள் நுழையவில்லை. செருப்பு போட முடியவில்லை என்கிற ஒரே காரணத்துக்காகத்தான் கோயம்புத்தூருக்கு, வாத நோய்களை மட்டும் பார்க்கிற ருமட்டாலஜி டாக்டரிடம் போனேன். விரல் வீங்கியிருக்காவிட்டால் இன்னொரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டு இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருப்பேன்.

நான் காலை நீட்டினேன், அந்த டாக்டரம்மா கையைக் கேட்டார். நகத்தைப் பார்த்தார். தலைமுடியை விலக்கிப் பார்த்தார், காதுக்குப் பின்னால் பார்த்தார். காலையில் எழுந்ததும் கை கால் இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டார், ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றேன். அதற்குப் பிறகுதான் குதிகாலைத் தொட்டார், அதுவும் நான் வலிக்கிறது என்று சொன்ன அடிப்பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் கெண்டைக்காலில் இருந்து இறங்கி வருகிற தடித்த நார் எலும்பைப் பிடிக்கிற இடத்தை அழுத்தினார். கத்திவிட்டேன். சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ், சொரியாசிஸோடு கூட வருகிற மூட்டுவாதம்.

தோலில் படை இருப்பதற்கும் குதிகால் வலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி நம் உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது, தோலில் தாக்கினால் ஒரு மாதத்தில் உருவாக வேண்டிய தோல் சில நாளிலேயே உருவாகிச் செதிலாக உதிர்கிறது, அதே சண்டை தசைநார் எலும்போடு சேர்கிற இடத்தில் நடந்தால் இப்படி வலிக்கிறது என்றார். எனக்கு இது உடனே புரிந்துவிட்டது, ஏனென்றால் என் வேலையே அதுதான். பனியனில் துணி நடுவில் கிழிந்து நான் பார்த்தது குறைவு, கை சேருகிற இடம், கழுத்துப்பட்டி சேருகிற இடம், அங்கேதான் விடும், இழுப்பு முழுக்க அங்கேதான் விழுகிறது. உடம்பிலும் அப்படித்தான். பாதத்தின் அடியில் பட்டையாக ஓடுகிற நார் குதிகாலில் ஒட்டுகிற இடம், பின்னால் ஏறுகிற நார் ஒட்டுகிற இடம், முழங்கை, முட்டி, இடுப்பு, இந்த ஒட்டுத் தையல்கள்தான் இந்த நோய்க்குப் பிடித்த இடம். வீங்கி வீங்கி அங்கே எலும்பு புதிதாகவும் வளரும். சில இடத்தில் மூட்டை அரிக்கவும் செய்யும், ஒரே ஆளிடம் இரண்டும் நடக்கலாம்.

நகக் கணக்கும் இதில்தான் வருகிறது. விரல் நுனி மூட்டை நிமிர்த்துகிற நார், நகத்தின் வேர் இருக்கிற இடத்தோடு ஒட்டியே இருக்கிறது. அதனால் நகத்தில் குழி விழுவதும், நகம் சதையை விட்டுத் தூக்குவதும், கடைசி மூட்டு வீங்குவதும் கூடிக்கூடி வரும். சரவாங்கி என்று நம் ஊரில் சொல்கிற முடக்குவாதத்தில் பொதுவாக அந்த நுனி மூட்டு தப்பித்துவிடும், இதில் பல பேருக்குத் தப்பிக்காது. முடக்குவாதம் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வருவது வழக்கம், இது பல பேருக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். ரத்தத்தில் ஆர்.ஏ. ஃபேக்டரும் பெரும்பாலும் நெகட்டிவ்தான். எனக்கு "வாதம் இல்லை" என்று சொல்ல வைத்த அந்த நெகட்டிவ் ரிப்போர்ட், இங்கே நோய் இருக்கிறது என்பதற்கு ஒரு மார்க்!

மார்க் என்று சும்மா சொல்லவில்லை. 2006-ல் வந்த ஒரு கணக்கு இருக்கிறது, காஸ்பர் என்று பெயர். மூட்டிலோ முதுகெலும்பிலோ நார் ஒட்டுகிற இடத்திலோ வீக்க நோய் இருக்கிறவருக்கு, தோலில் இப்போது சொரியாசிஸ் இருந்தால் இரண்டு மார்க், நகத்தில் மாற்றம் இருந்தால் ஒன்று, ஆர்.ஏ. நெகட்டிவ் ஒன்று, விரல் முழுசாக வீங்கினால் ஒன்று, எக்ஸ்ரேயில் மூட்டை ஒட்டிப் புது எலும்பு இருந்தால் ஒன்று. மூன்று வந்தாலே போதும். எனக்கு ஐந்து. பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படி மார்க் வாங்கியதில்லை.

சொரியாசிஸ் இருக்கிற நூறு பேரில் முப்பது பேர் வரைக்கும் மூட்டுக்கு இறங்கலாமாம். பெரும்பாலும் தோலில் வந்து பல வருஷம் கழித்துத்தான் மூட்டுக்கு வரும், சிலருக்கு மூட்டு முந்திக்கொள்ளும். படை கொஞ்சமாக இருந்தால் மூட்டும் கொஞ்சமாகத்தான் பாதிக்கும் என்றெல்லாம் இல்லை, தலையிலும் நகத்திலும் இருக்கிற என்னைப் போன்றவர்கள்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பரம்பரைக்கும் பங்கு உண்டு. என் அமுச்சியின் விரல்கள் கோணிக்கொண்டு இருந்ததும், நோம்பிக்கு வீட்டுக்கு யார் வந்தாலும் முக்காட்டை எடுக்காமல் இருந்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவருக்கு என்ன இருந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒட்டாது, இது தொற்று நோய் இல்லை. பொடி நிறுத்திப் படை கிளம்பிய சமயம் அத்தை என் தட்டைத் தனியாக எடுத்து வைத்தார், டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போய் அவர் வாயால் கேட்க வைத்தேன். அதற்கப்புறம் தட்டு மறுபடியும் அடுக்கில் சேர்ந்தது. அந்தப் பயணத்தில் இன்னொரு லாபமும் கிடைத்தது, "இந்தப் பொண்ணு வீட்டுக்குள்ளயும் செருப்புப் போடோணும்" என்று டாக்டரே சொல்லிவிட்டார். இப்போது கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி தனியாக இருக்கிறது, வெளியே போகாத செருப்பு, அத்தையே துடைத்து வைக்கிறார்.

மருந்து மீதோட்ரெக்சேட். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும்: வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் என்று தவறாக நினைத்துச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. நான் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்று வைத்துக்கொண்டு காலண்டரில் வட்டம் போடுகிறேன், டாக்டர் சொன்ன இன்னொரு நாளில் ஃபோலிக் ஆசிட். ஈரலும் ரத்த அணுக்களும் சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது ரத்தம் கொடுக்க வேண்டும், குடிக்கிற ஆண்கள் குடியை விட வேண்டும், பிள்ளை பெறுகிற யோசனை இருப்பவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லியே ஆக வேண்டும். மாத்திரை போட்ட மறுநாள் எனக்கு வாய் கசக்கும், திங்கட்கிழமைகளில் கம்பெனியில் யாரிடமும் பேச மாட்டேன். உடனே கேட்காது, இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். இது போதவில்லை என்றால் அடலிமுமாப் போன்ற ஊசிகள் இருக்கின்றன, அதற்கு முன்னால் உடம்பில் டிபி ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்றார். என் விஷயத்தில் அது வரை போகவில்லை, விரல் நான்காவது மாதத்தில் வற்றியது. குதிகால் முழுசாக விடவில்லை, ஆனால் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறேன்.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், செருப்பு ரிவ்யூவில் கண் எதற்கு என்று கேட்காதீர்கள். இந்த நோய் கண்ணுக்குள்ளும் வீக்கம் கொண்டுவரலாம். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்த்தால் கூசினால் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டுமாம்.

சரி, செருப்புக்கு வருவோம். இரண்டாவது ஜோடி 780 ரூபாய், கட்டைவிரல் வளையம் இல்லாதது, அகலமான வார், உள்பக்கம் மெத்தென்று துணி, வெல்க்ரோ ஒட்டு. வளையம் வேண்டாம் என்றதற்குக் காரணம் இப்போது தெரிந்திருக்கும். சொரியாசிஸ் உள்ளவர்களுக்குத் தோல் உரசினாலோ கீறினாலோ அந்த இடத்திலேயே புதுப் படை கிளம்பும் குணம் உண்டு, என் செருப்புப் படை அப்படி வந்ததுதான். வெல்க்ரோ இருப்பதால் விரல் வீங்குகிற நாளில் தளர்த்திக்கொள்ளலாம், இதற்காகவே கூடக் கொடுத்த 330 ரூபாய் தகும். பின்வார் இருக்கிற மாடலை முதலில் எடுத்துப் பார்த்தேன், அது சரியாக அந்தக் கத்த வைத்த இடத்தில் அழுத்தியது, திருப்பி வைத்துவிட்டேன்.

வாங்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து அடிப்பாகத்தைக் கிள்ளிப் பாருங்கள். நன்றாக அமுங்கி, விட்டதும் பழையபடி எழும்ப வேண்டும். எம்.சி.ஆர். என்று சொல்லி சாதாரண ஃபோம் அடித்துக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அது ஒரு மாதத்தில் குதிகால் அச்சு விழுந்து அப்படியே தங்கிவிடும். ரொம்ப மெத்தென்று இருப்பதும் நல்லதில்லை, நிற்கும்போது கால் ஆடும். மேலே மெதுவான ரப்பர், அடியில் தேயாத கெட்டி ரப்பர் என இரண்டு அடுக்கு இருக்க வேண்டும். சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் வீங்கியிருக்கிற நேரத்து அளவுதான் நிஜ அளவு.

குறைகள் இல்லாமல் இல்லை. கனம். மழையில் நனைந்தால் துணி காய இரண்டு நாள் ஆகும், அதற்குள் ஒரு நாற்றம் வேறு. ஈரத் தரையில் வழுக்குகிறது, மூட்டு வலிக்காரி வழுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று செய்தவர்கள் யோசித்திருக்க வேண்டும். பார்க்க அழகு கிடையாது, கல்யாணத்துக்குப் போனால் "என்னங்க, சர்க்கரையா?" என்று கேட்பார்கள். தினமும் எட்டரை மணி நேரம் நின்றால் ஒரு வருஷத்தில் உள் ரப்பர் செத்துவிடுகிறது, மேலே பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், ஏமாறக் கூடாது. கோயிலில் இது எந்த உதவியும் செய்யாது. சென்னிமலைக்கு வருஷா வருஷம் 1320 படியும் ஏறிக்கொண்டிருந்தவள் நான், இப்போது வண்டிப் பாதையில் மேலே போய் இறங்கி, வெயில் ஏறுவதற்கு முன்னால் சன்னதிக்குள் போய்விடுகிறேன். முருகன் ஒன்றும் சொல்லவில்லை, அத்தைக்குத்தான் வெசனம்.

யாருக்குச் சொல்வேன் என்றால், நிற்கிற வேலை செய்கிற யாருக்கும் சொல்வேன். ஆனால் குதிகால் வலியோடு, காலையில் அரை மணிக்கு மேல் இறுக்கம், தலையில் போகவே போகாத பொடுகு, நகத்தில் குழி, வீட்டில் யாருக்காவது சொரியாசிஸ், இதில் ஒன்றிரண்டு இருந்தாலும் செருப்புக் கடைக்குப் போவதற்கு முந்தின வாரம் ருமட்டாலஜி டாக்டரிடம் போய்விடுங்கள். பக்கத்து டேபிள் அக்காவுக்கு வெறும் குதிகால் வலி, அவருக்கு 450 ரூபாயில் சரியாகிவிட்டது. எனக்கு அது வலியை மறைத்து, விரல் வீங்கும் வரை உட்கார வைத்தது. செருப்பு மேல் தப்பில்லை, அதனால்தான் நான்கு மார்க்கைக் குறைக்கவில்லை.

மூன்றாவது ஜோடி இந்தச் சனிக்கிழமை வாங்க வேண்டும், ஒரே ஒரு சிக்கல். எனக்கு இடது கால் 7, வலது கால் வீங்குகிற நாளில் 8. கடைக்காரர் ஜோடியைப் பிரித்துத் தர மாட்டேன் என்கிறார், மீதி ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார், அவர் சொல்வதும் நியாயம்தான். ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர்ப் பக்கம் இரண்டு காலையும் தனித்தனியாக அளந்து எம்.சி.ஆரில் தைத்துக் கொடுக்கிறவர் யாராவது தெரிந்தால் கீழே சொல்லுங்கள்.